ஆறு தட்டு கல்கல்

விவேக் நகரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடியைக் கடக்கும்போது, யார் வீட்டிலோ கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் பொரிக்கும் வாசனை வந்தது. அன்று அந்தக் காம்பவுண்டில் ஒரே குழாயைச் சுற்றி ஏழு வீடுகள். குடத்துச் சத்தத்தோடு விடியும் அந்த முற்றத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மற்ற ஆறு வீடுகளுக்கும் எங்கள் பலகாரத் தட்டு போகும். அப்பா வேலை பார்த்த ஆலை மூடிய வருடம், கேக், அதிரசம், புதுத்துணி என்று என் பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்தபின் கல்கல் மட்டுமே மிஞ்சியது. புதுச் சீப்பின் பற்களில் மாவை அழுத்தி அம்மா உருட்டியதும் சரியாக ஆறு தட்டுக்குத்தான் வந்தது.

"நமக்கும்மா?"

"பொரிச்ச வாசனையிலேயே வயிறு ரொம்பிடுச்சுடி. தட்டு போகலைன்னா என்ன ஏதுன்னு கேப்பாங்க."

தட்டுகளை நான்தான் கொண்டுபோனேன். கடைசி வீட்டு ஷாஹினா ஆன்ட்டி, தன் தட்டில் பாதியை என் கவுன் மடியில் திருப்பிக் கொட்டி, "மம்மிகூட சேர்ந்து சாப்புடு பேட்டா" என்றார். குழாயடியில் நின்று எல்லாவற்றையும் நானே தின்றுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

எண்ணெய்ச் சட்டியைத் துடைத்தபடி அம்மா கேட்டாள்: "இனிப்பு சரியா இருந்துச்சாமாடி? நான் ஒண்ணுகூட வாயில போட்டுப் பாக்கல."

"சரியா இருந்துச்சாம், அம்மா" என்றேன்.