பேர்சி கால்களைத்தான் பார்த்தார்

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என் கணவர் பேர்சியைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பிறந்த இடம் மன்னார், படித்த கல்லூரி, வந்து சேர்ந்த ஆண்டு, இவையெல்லாம் முதல் பக்கத்தில் இருக்கும். நான் பேஸ்போலை எழுதுகிறேன்.

சுவிசில், சோலோதுர்ன் நகரில் இவர் முதல் ஆட்டம் ஆடியபோது வயது முப்பத்தாறு. மருத்துவமனைச் சமையலறையில் கூட வேலை செய்த ஸ்ரான்லிதான் இழுத்துப் போனான். "ஒராள் குறையுது அண்ணை. நீங்கள் கொலிஜிலை கிரிக்கெட் அடிச்சனீங்கள்தானே, இதுவும் அதுதான்."

அதுவல்ல. இவர் அடித்த பந்து மைதானத்தின் கோடிக்குப் போனது. பந்தடித்த துடுப்பைக் கீழே போடாமல் கையோடு கொண்டு மூன்று மூலைகளையும் மிதித்துச் சுற்றி வந்தார். புறப்பட்ட இடத்தில் நிலத்தோடு பதித்த வெள்ளைப் பலகை இருக்கிறது. அதைத் தொட்டால் ஓட்டம். இவர் கிரிக்கெட் பழக்கத்தில் துடுப்பை நீட்டி அதில் ஊன்றிவிட்டு, சிரித்துக்கொண்டு நின்றார். கால் ஒரு சாண் வெளியே. பேஸ்போலில் உடம்புதான் தொட வேண்டும், துடுப்பு செல்லாது. எதிரணிக்காரன் பந்தோடு வந்து முதுகில் தொட்டான். அவுட்!

"துடுப்பு உள்ளை வந்திட்டுது அண்ணை, உங்களைத்தான் போர்டரிலை பிடிச்சிட்டாங்கள்!" என்று ஸ்ரான்லி புல்லில் விழுந்து சிரித்தான்.

அதோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் மேசையில் நான்கு சாப்பாட்டுக் கோப்பைகளை மூலைகளாக வைத்து எனக்கு விளக்கத் தொடங்கினார். கறி ஆறிப்போனது.

ஒன்பது ஆண்டுகள் ஆடினார். பிறகு உயர்கல்லூரி மாணவர் அணிக்கு உதவிப் பயிற்றுநர். தலைமைப் பயிற்றுநர் விலகியதும், அணியைக் கலைத்துவிடலாம் என்றது நிர்வாகம். இவர் போய்க் கெஞ்சி ஒரு பருவம் வாங்கினார். லீக்கில் கடைசி இடத்துக்குப் போனால் அணி இல்லை.

இவருடைய பயிற்சி ஒன்றேதான்: எல்லோரும் பந்தைப் பார்க்கட்டும், நீ ஓடுகிறவனின் காலைப் பார். கால் படவில்லையா, பந்தோடு போய் அவனைத் தொடு. ஆனால் உற்சாகம் வந்தால் இவருக்கு ஜேர்மன் வராது. "தொடு! தொடு!" என்று கத்துவார். இரண்டே மாதத்தில் அந்தச் சுவிஸ் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்தச் சொல் விளங்கியது.

கடைசி ஆட்டம் பாடன் அணியோடு. வென்றால்தான் கடைசி இடத்திலிருந்து தப்பலாம். இறுதிச் சுற்று, நாங்கள் ஒரு ஓட்டம் முன்னே, இன்னும் ஒரு விக்கெட்... பாருங்கள், எனக்கும் கிரிக்கெட்தான் வருகிறது. இன்னும் ஒரு அவுட் வேண்டும். பாடன்காரன் ஓங்கி அடித்தான். இரண்டாம் மூலையில் நின்ற அவர்களுடைய நெட்டையன் வெள்ளைப் பலகையை நோக்கிப் பாய்ந்து வந்தான். எங்கள் பிள்ளை தூரத்திலிருந்து எறிந்த பந்து நேரே நோயெமியின் கையுறைக்குள்! வெள்ளைப் பலகைக்குப் பின்னால் நிற்பவள் அவள். நெட்டையன் சறுக்கினான். ஒரே புழுதி. நோயெமி கை வீசினாள், அவனில் படவில்லை. ஆட்டம் சமன்! பாடன் அணி துள்ளியது, அவன் எழும்பி அவர்களைக் கட்டிப்பிடிக்க ஓடினான். நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

"நோயெமி! தொடு! கால் படேல்லை! தொடடி பிள்ளை!"

இவருடைய குரல். விரலுக்குள்ளால் பார்த்தேன். நடுவரின் கைகள் அசையவே இல்லை. அவன் வந்து சேர்ந்ததாகவும் காட்டவில்லை, அவுட் என்றும் சொல்லவில்லை. நோயெமி ஏன் என்று கேட்கவில்லை. பந்தோடு ஓடி, கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் புகுந்து, நெட்டையனின் தோளில் தொட்டாள்.

நடுவரின் கைமுட்டி மேலே போனது. அவுட்! வென்றோம்!

"அண்ணை, இண்டைக்கு அவனையெல்லோ போர்டரிலை பிடிச்சிட்டம்!" என்று ஸ்ரான்லி கத்தினான். இவர் என்னிடம் ஓடிவந்து, "றஞ்சினி, ஒரு சாண்! என்னைப்போலை அதே ஒரு சாண்!" என்றார்.

அணி கலையவில்லை. பதினொரு ஆண்டுகள் இவரே பயிற்றுநர். போன ஞாயிறு இவரில்லாமல் முதல் ஆட்டம், நானும் போயிருந்தேன். கடைசி ஆளைப் பந்தோடு தொட்ட பிறகும் எங்கள் பிள்ளைகள் துள்ளவில்லை. நடுவரின் கை மேலே போகும்வரை, ஒன்பது பேரும் கீழே, ஓடிவந்தவனின் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.