மேனகா விட்ட தமிழ்

மராத்தி பேசும் ஊரான கசார்வாடியில் லேத் மெஷின் ஓட்டும் பவுன்ராஜுக்கு மகள் மேனகா மேல் மூன்று வருஷக் கோபம். பதினெட்டு வயதில் அவள் வீட்டில் தமிழ் பேசுவதையே விட்டு மராத்திக்கு மாறிவிட்டாள்.

“பெத்தவன் பாஷை கசக்குதோ? தமிழ்ல கேட்டாத்தான் சோறு” என்று கத்துவார். அவள் காதைப் பொத்திக்கொண்டு பட்டினி கிடப்பாள். பிறகு காலேஜை விட்டாள், குளிப்பதை விட்டாள். அதையும் திமிர் என்றே நினைத்தார்.

கடைசியில் அவளைக் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாதான் விவரம் சொன்னார். இத்தனை நாளும் ஆள் இல்லாமலே ஒரு குரல் அவள் காதில் தமிழில் திட்டியிருக்கிறது. அது அப்பாவின் குரல். “ஆரம்பத்திலேயே கூட்டி வந்திருக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

வார்டுக்குள் போகுமுன் மேனகா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு மராத்தியில் கேட்டாள்: “அப்பா, என்கிட்ட நீங்களும் மராத்தியிலேயே பேசுங்க. அப்பத்தான் பேசுறது நிஜ அப்பான்னு தெரியும்.”