மூன்று விசில்

கைப்பேசியில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்த விளம்பரத்தை மூடப் போய், கை தவறி அந்தச் செயலியை இறக்கிவிட்டேன். அறுபது வயதுக்கு மேல் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

ஒன்றுக்கும் உதவாத செயலி. ஒரு பொத்தானைத் தொட்டால் ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆடு கத்தும், யானை பிளிறும், பஸ் ஹாரன் அடிக்கும், யாரோ ஒரு கிழவர் தும்முவார். காற்றுப் பிரிகிற சத்தம் மட்டும் ஏழு வகை. முதல் நாள் அந்த ஏழையும் வரிசையாகப் போட்டுக் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. அதனால் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

நன்னிலத்துக்கும் குடவாசலுக்கும் நடுவில் எங்கள் ஊர். கணவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகன் சென்னையில். கொல்லையில் நின்று ஒரு நாள் ஆட்டுச் சத்தத்தைப் போட்டேன்; எங்கேயோ கட்டியிருந்த ஆடு ஒன்று பதில் சொன்னது. நானும் விடவில்லை. இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு நான் வேறு யாரோடும் பேசவில்லை.

ஆனால் அந்தச் சத்தங்களில் எனக்கு உயிர், குக்கர் விசில்தான்.

ஒருத்திக்காக உலை வைக்க எனக்குக் கை வரவில்லை. ஆழாக்கு அரிசி போட்டாலும் மிஞ்சுகிறது. மிஞ்சியதைப் பார்த்தால் யார்மேல் என்று தெரியாத கோபம் வருகிறது. கடைத்தெருவில் நாலு இட்லி, மீதி வேளைக்கு பன்னும் மோரும் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். மகனுக்கு எப்படியோ சந்தேகம் வந்துவிட்டது.

"நீ சமைச்சு சாப்பிடலன்னு தெரிஞ்சுது, வீட்டப் பூட்டி அழைச்சிக்கிட்டு வந்துடுவேன். அப்புறம் ஒண்ணும் பேசக்கூடாது" என்றான்.

அவன் வீடு ஒன்பதாவது மாடி. போன முறை இருபது நாள் இருந்தேன். மருமகள் நல்லவள், குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஆனால் எனக்கென்று அங்கே இருந்தது சோபாவின் ஓர் ஓரம் மட்டும். இங்கே நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தாலும், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று போய் எட்டிப் பார்க்கவாவது எனக்குப் பாத்தியதை உண்டு.

பக்கத்து வீட்டில் இருப்பவள் என் ஓரகத்தி, கணவருடைய தம்பி மனைவி. இரண்டு சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர். மோட்டார் தண்ணீர் விஷயமாக எங்களுக்குள் பேச்சு நின்று ஒரு வருஷமாகியிருந்தது. ஆனால் என் மகன் அவளுக்கு அடிக்கடி போன் செய்வான். அவன் ஒற்றன் அவள்தான் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே தினமும் காலை ஏழரைக்குக் கைப்பேசியை வெறும் எவர்சில்வர் குடத்துக்குள் இறக்கி, குடத்தைச் சுவரோரம் வைத்து, விசில் விடுவேன். குடத்துக்குள் சத்தம் நன்றாக எடுக்கும். ஒரு விசிலுக்கும் அடுத்ததற்கும் ஆவி சேர்கிற நேரம் விட வேண்டும், அவசரப்பட்டால் மாட்டிக்கொள்வோம். சாதத்துக்கு மூன்று. வெள்ளிக்கிழமை பருப்புக்குத் தனியாக இரண்டு. விருந்தாளி வந்தது போல் ஒரு நாள் எட்டு விட்டேன். உண்மையாகச் சமைத்த காலத்தில்கூட நான் இவ்வளவு அக்கறையாக இருந்ததில்லை.

போன ஆனி மாதத்தில் ஒரு நாள். வழக்கம்போல் மூன்று விட்டேன். மூன்றாவது அடங்கவில்லை, வாசல் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. ஓரகத்தி நின்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"என்னக்கா இது? தெருவுல சாவு விழுந்துருக்கு. நீங்க பாட்டுக்கு குக்கர் வெக்கிறீங்க."

தெருக்கோடி வீட்டுப் பெரியவர் விடியற்காலையில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறார். தெருவின் வாட்ஸப் குழுவில் அப்போதே போட்டுவிட்டார்கள். காலை வணக்கப் பூக்கள் தாங்காமல் அந்தக் குழுவை நான் என்றைக்கோ ஊமையாக்கியிருந்தேன். எங்கள் தெருவில் சாவு என்றால், எடுக்கும் வரை எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. குழந்தைக்குப் பால்கூட அடுத்த தெருவில்தான் காய்ச்சி வாங்குவார்கள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் நின்று என்னைப் பார்த்த பார்வையில் நான் கூசிப்போனேன்.

சாவு நாளில் பொங்கித் தின்றவள் என்ற பெயரோடு இந்தத் தெருவில் இருக்க முடியாது. உண்மையைச் சொன்னால் ஒன்பதாவது மாடி. நான் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டு, குடத்திலிருந்து கைப்பேசியை எடுத்துக் காட்டினேன். அடுப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பர்னரில் ஒட்டடை. குக்கர் பரணில் இருந்தது. மேடைமேல் பன் பாக்கெட் இருந்தது.

அவள் வெளியே போய், "அடுப்பெல்லாம் பத்த வெக்கல. போன்ல வந்த சத்தம்" என்று அந்தப் பெண்களை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அவன்கிட்ட சொல்லிடாத" என்றேன். அவளிடம் கெஞ்சுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. "இனிமே ஆக்கிச் சாப்பிடறேன். அவனுக்குத் தெரிஞ்சா வந்து அழைச்சிக்கிட்டுப் போயிடுவான்."

அவள் பன் பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மேடைமேலேயே வைத்தாள்.

"சத்தந்தான் வருது, ஒரு நாளும் தாளிக்கிற வாசம் வரலியே. எனக்கு சித்திரையிலயே தெரியுங்க்கா. சென்னையில தம்பிகிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சரி சித்தி, நீங்க கொஞ்சம் பாத்துக்குங்கன்னுது. நம்மதான் பேசிக்கிறதில்லையே, நான் எப்படி வந்து கேக்கறது?"

சித்திரை, வைகாசி, ஆனி. இத்தனை நாளும் ராத்திரி போனில் அவன் என்ன சமையல் என்று கேட்க, நான் வத்தக்குழம்பு, கீரை மசியல் என்று அளந்துவிட்டிருக்கிறேன். வந்து கூட்டிப்போய்விடுவானோ என்று பயந்து பயந்து விசில் விட்டிருக்கிறேன். அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் வரவில்லை.

ஓரகத்தி மாலை வாங்கப் போய்விட்டாள். நானும் புடவை மாற்றிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனேன். இறந்த பெரியவருக்கும் எனக்கும் பார்த்தால் ஒரு சிரிப்பு, அதற்குமேல் பழக்கமில்லை. ஆனால் பெண்களோடு தரையில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நிறுத்தத் தெரியவில்லை. கடைசியில் அவருடைய மகளே எழுந்து வந்து, என் முதுகைத் தடவி, "அழாதீங்க பெரியம்மா, அவருக்கு வயசாயிடுச்சு" என்று என்னைத் தேற்றினாள்.