யூசுப் பாயின் கடைசி ஸ்கிராம்பிள்

உப்பு வாரிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "யூசுப் பாய் மௌத்தாயிட்டாரு" என்றார்கள். "எந்த யூசுப்?" என்று கேட்டேன். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த அவரைத் தவிர வேறு யூசுப் எனக்குக் கிடையாது. ஆனாலும் அப்படித்தான் கேட்டேன்.

அவர் கடையில் டீ குடித்த உங்களுக்கெல்லாம் தெரியும், ஐம்பதைத் தாண்டிய எங்கள் இருவரையும், ஒவ்வொரு பக்கமும் ஒரே நிறமாகும்படி திருப்பிச் சேர்க்கிற அந்தக் கியூப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. நேரம் பார்க்க அவரே ஒரு டைமர் ஆப் எழுதினார். கியூபை எப்படிக் கலைக்க வேண்டும் என்று திரையில் ஒரு வரிசை வரும், அதுதான் ஸ்கிராம்பிள். வெள்ளையை மேலேயும் பச்சையை முன்னேயும் வைத்துக்கொண்டு அதன்படி திருப்ப வேண்டும். நான் அவசரத்தில் நீலத்தை முன்னால் வைத்துவிட்டால், "ஏம்பா, உப்பு மூட்டையா தூக்குற? பொறுமையா திருப்பு" என்பார்.

முப்பது வினாடிக்குள் சேர்த்துவிட வேண்டும் என்பது என் வெறி. ஒருநாள் இருபத்தெட்டில் முடித்தேன். கடை அதிரக் கத்தினேன். அவர் திரையைப் பார்த்து, ஆப்பில் இருந்த 'செல்லாது' பட்டனை அழுத்தினார். "செல்லாதுப்பா. நேத்து வந்த ஸ்கிராம்பிளே திரும்ப வந்திருக்குது. ஆப்புல தப்பு."

"எனக்கு ஞாபகமே இல்ல பாய்!"

"உன் கைக்கு ஞாபகம் இருக்குதுப்பா."

மனுஷனா இவர்! நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஐந்தாம் நாள் அவரே உப்பளத்துக்கு வந்தார். ஆப்பை மூடித் திறந்தால் பழைய ஸ்கிராம்பிள்களே மறுபடி முதலிலிருந்து வந்தனவாம். அதை அடியோடு மாற்றியிருந்தார். இனி, கியூப் கலையக்கூடிய எல்லா நிலைகளிலிருந்தும் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுக்கும். அதைச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்து, கடைசித் திருப்பலிலிருந்து எதிர்த்திசையில் மாற்றி ஸ்கிராம்பிளாகக் காட்டும். "சுலபமா கஷ்டமான்னு அதுக்கே தெரியாது. இப்ப போடு பார்க்கலாம்." போட்டேன். நாற்பத்தொன்று. வயிறு வலிக்கச் சிரித்தார், படுபாவி.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் மனைவி, அந்த ஆப் இருந்த அவருடைய போனை என்னிடம் கொடுத்தார். "நீங்களே வெச்சுக்குங்கண்ணா. எங்களால பார்க்க முடியல." ஒரு ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஸ்கிராம்பிள் தானாக வந்து நிற்கும். அவருக்காக வந்தது அப்படியே நின்றுகொண்டிருந்தது. மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெள்ளை மேலே, பச்சை முன்னே வைத்து, பொறுமையாகக் கலைத்துச் சேர்த்தேன்.

இருபத்தொன்பது.

"பாய்!" என்று கத்திவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது. எத்தனை வருஷத்து ஆசை!

மூன்று நாள் பார்த்த ஸ்கிராம்பிள். கைக்கு இல்லாவிட்டாலும் கண்ணுக்கு ஞாபகம் இருந்திருக்கும். 'செல்லாது' பட்டனை நானே அழுத்தினேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.