அரக்கோணம் வரை நின்றவர்

திருத்தணியிலிருந்து கிளம்பும் காலை வண்டியில் எனக்கு எப்போதும் ஜன்னல் சீட்டு. வண்டி புறப்படும் ஊர்க்காரிக்கு அந்த ஒரு சொகுசாவது வேண்டாமா? அம்பத்தூரில் தையல் கம்பெனி வேலை முடிந்து திரும்பும்போதுதான் பாடு. மாலை வண்டி சென்ட்ரலிலேயே நிரம்பிவிடும்.

நான் முழுகாமல் இருப்பதை இரண்டாம் மாதத்திலேயே ரயில் சிநேகிதியான அரக்கோணத்து அக்காவிடம் சொல்லிவிட்டேன். சென்ட்ரலில் ஏறி உட்கார்ந்து வருகிறவர் அவர். அன்றிலிருந்து அம்பத்தூரில் என்னைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, அரக்கோணம் வரை நின்றுகொண்டே வருவார்.

"என் காலு இரும்புக் காலு. நீ உக்காரு" என்பார்.

மூன்றாம் மாதக் கடைசியில் கரு கலைந்துவிட்டது. ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றார்கள். என்ன தின்றேன், எந்தப் படியில் வேகமாக இறங்கினேன் என்று யோசித்து யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை. மாமியார், "வெளிய மூச்சு விடாத. அடுத்தது நல்லபடியா நிக்கணும்னு மலைக்கு வேண்டிகினு இருக்கேன்" என்றார். காய்ச்சல் என்று சொல்லி ஒன்பது நாள் லீவு போட்டேன்.

பத்தாம் நாள் மாலை, என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்தார். "வாம்மா. நாலாம் மாசம் பொறந்துச்சா?"

"ஆங், பொறந்துடுச்சுக்கா."

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றைக்கும் தெரியவில்லை. இடுப்பு வலித்தது, உட்கார வேண்டும் போலிருந்தது. அவர் கேட்ட விதத்தில், அது இன்னும் உள்ளே இருப்பதுபோலவும் இருந்தது. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். மூன்று வாரம் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். அவர் கொண்டுவந்த உப்பு நெல்லிக்காயையும் வெட்கமில்லாமல் தின்றேன்.

ஒரு நாள் திருவள்ளூர் தாண்டியதும் அக்கா குனிந்து, "அசைவு தெரியுதா?" என்றார்.

அதற்கு மட்டும் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லக்கா. போயிடுச்சு. லீவு போட்டேனே, அப்பவே."

அவர் வாய் திறப்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிப்பட்டு அம்மா புகுந்துவிட்டார். "இதை இன்னாத்துக்கு மறைச்ச? எனக்கு ரெண்டு போச்சு. மூணாவதுதான் தங்குச்சு." பெட்டிக்கே கேட்கும் குரல். எதிர் சீட்டுப் பெண், "எனக்கு அஞ்சாம் மாசத்துல" என்றாள். என் வீட்டில் மூச்சு விடக் கூடாத விஷயத்தை இங்கே வேர்க்கடலை தின்றுகொண்டே பேசினார்கள். ஆறுதலாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. இத்தனை பேருக்கு நடந்ததை என்னிடம் ஏன் ஒருத்தியும் சொன்னதில்லை? நானும்தான் சொல்லவில்லை. அப்புறம் யார் மேல் கோபப்படுவது?

"நீங்க உக்காருங்கக்கா" என்று எழுந்தேன். அக்கா என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"எனக்கும் போன வருஷம் போச்சும்மா. மூணாம் நாளே வேலைக்குக் கெளம்பிட்டேன். காலையில அரக்கோணத்துல ஏறி, சென்ட்ரல் வரைக்கும் நின்னுகினே போனேன். கண்ணு இருட்டிகினு வந்துச்சு. அதான், உன்னை நிக்க வுட மனசு வரல."

போன வருஷம், இவரோடு பழக்கமாவதற்கு முன்னால், ஒரு காலை. அரக்கோணத்தில் ஏறிய கூட்டத்தில் யாரோ என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளிக்கிறியாம்மா?" என்றார்கள். மூன்று பேர் சீட்டில் நாலாவதா என்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்படி எத்தனையோ காலைகளில் மூடியிருக்கிறேன். அந்தக் குரல் இவருடையதா? எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அன்னிக்கு அந்தப் பெட்டியில நான் இருந்தேனாக்கா?"

"இருந்தியே. ஜன்னலாண்ட. பாவம், தூங்கிகினு இருந்த."

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. நான் தூங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அரக்கோணம் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் மாலையும் என்னைக் கண்டதும் எழுந்தார். உட்கார்ந்தேன்.