போத்தலில் கிடந்த அட்டை

இரத்தோட்டைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த டொக்டர் ஐயாவுக்கு மெலிந்த விரல்கள். எந்நேரமும் சவர்க்கார வாசம். கொழுந்து பறித்துவிட்டு ஓடையில் இறங்கும் பெண்களின் காலில் ஒட்டிவரும் நீர் அட்டைகளைப் பிடித்து, வயிற்றைக் கீறி நரம்பை அறுத்து, தண்ணீர்ப் போத்தலில் விடுவார். முன்பாதி ஒரு பக்கம் போகும், பின்பாதி வேறு பக்கம் இழுக்கும். சில வாரங்களில் நரம்பு தானாக ஒட்டி, அட்டை பழையபடி நீந்தும். அப்போது மட்டும் சிரிப்பார்.

ஒரு நாள் நான் காய்ச்சலோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு, தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி மணிக்கட்டில் பட்டிருந்தது. காயம் ஆறியும் விரல்கள் மரத்துக் கிடந்தன. டொக்டர் ஐயா ஊசியால் குத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்கய்யா. கத்திய புடிக்க முடியலீங்க. இன்னும் கொஞ்ச நாளைக்கி சிக் லீவு போட்டுக் குடுங்க."

"வலியே இல்லங்கிற, பொறகு என்னத்துக்கு சிக்? வேலைக்குப் போ."

அந்த ஆள் திரும்பும்போது அவர் முழங்கை மேசையிலிருந்த அட்டைப் போத்தலில் இடித்துவிட்டது. டொக்டர் ஐயா பாய்ந்து அதை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"ஏய், அத ஆட்டாத! நரம்பு ஒட்டுற வரைக்கும் அது சும்மா கெடக்கணும்."

அப்படிப் பதறத் தெரிந்த மனிதர்தான் அவர் என்பதை நினைத்தால் எனக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை.