ஜெபராஜைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிகள்

ஜெபராஜின் ஆராய்ச்சிப் படிப்பைக் கெடுத்தவன் நான்தான். பொறாமையால் கெடுத்தேன். வேறு காரணங்கள் இருந்ததாகப் பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்... அவற்றை உங்களிடம் சொல்லப்போவதில்லை. அவை பொய்கள்.

எண்பதுகளின் கடைசியில், திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் நான் இயந்திரவியல் துறைத் தலைவர். ஜெபராஜ் எனக்குக் கீழே விரிவுரையாளன். நேரில் நான் அவனை 'வாங்க ஜெபராஜ்' என்றுதான் அழைப்பேன். எங்கள் ஊர் மரியாதை அப்படி. மனத்துக்குள் என்றைக்கும் 'அவன்'தான்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவனுடைய அக்காள் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் துணி சோதிக்கும் வேலையில் இருந்தாள். பின்னும் இயந்திரத்தில் ஓர் ஊசியின் கொக்கி உடைந்தால் போதும், துணியின் நீளம் முழுக்க ஒரு கோடு விழுந்துவிடும். அதைக் கவனிக்காமல் விட்டதாக அவளைத் திட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஜெபராஜ் அந்தக் கம்பெனிக்குப் போய்ச் சண்டை போடவில்லை. உடைந்த ஊசிகளைக் கேட்டு வாங்கிவந்தான்.

எங்கள் ஆய்வகத்தில் உலோகத்தைப் பார்க்கும் நுண்ணோக்கி ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாலையும் ஊசிகளைப் பார்ப்பான், பார்த்ததை வரைவான். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. கொக்கியின் உள்வளைவில், தயாரிக்கும்போதே விழுந்த மயிரிழைக் கீறல் ஒன்றிலிருந்துதான் விரிசல் தொடங்குகிறது என்று கண்டுபிடித்தான். ஒரு தடவை இழுப்பதால் ஊசி உடைவதில்லை. ஓயாமல் இழுபட்டு இழுபட்டு உலோகம் சோர்ந்துபோய் உடைகிறது.

நீங்கள் கேட்கலாம், இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று.

நான் அதே துறையில் ஆராய்ச்சி செய்யச் சென்னைக்கு இருமுறை நேர்முகத் தேர்வுக்குப் போனவன். இரண்டாம் முறை, 'விரிசல் ஏன் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து தொடங்குகிறது?' என்று கேட்டார்கள். புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தேன். 'உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்' என்றார்கள். என்னிடம் சொந்த வார்த்தை இல்லை.

அதே கேள்விக்கு ஒருநாள் ஜெபராஜ் வகுப்பில் விடை சொன்னான். சாக்பீஸை நகத்தால் லேசாகக் கீறி, மெல்ல வளைத்தான். கீறிய இடத்திலேயே அது உடைந்தது. கடைசி பெஞ்சுவரை அத்தனை பேருக்கும் புரிந்தது. நான் வராந்தாவில் நின்று கேட்டேன். எனக்கும் அன்றுதான் புரிந்தது... அதை எப்படிப் பொறுத்துக்கொள்வேன்?

உடைந்த ஊசிகளோடு கம்பெனி முதலாளிகள் அவனைத் தேடி வரத் தொடங்கினார்கள். என் அறையை எட்டிப் பார்த்து, "ஏனுங்க சார், ஜெபராஜ் வாத்தியார் இல்லீங்களா?" என்பார்கள். "மேலே இருக்காருங்க" என்று சிரித்தபடி கைகாட்டுவேன். துறைத் தலைவன் நான். வழிகாட்டும் பலகையாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியரின் கடிதம் அவனுக்கு வந்தது. அவன் அனுப்பியிருந்த படங்களைப் பார்த்துவிட்டு அவர் எழுதியிருந்தார். ஆசிரியர்களைச் சம்பளத்துடன் மூன்று ஆண்டுகள் ஆராய்ச்சிக்கு அனுப்பும் திட்டம் ஒன்று இருக்கிறது. கல்லூரி வழியாக விண்ணப்பியுங்கள். துறைத் தலைவரின் ரகசியக் கருத்து தனி உறையில் வர வேண்டும்.

ஜெபராஜ் படிவத்தை என் மேசையில் வைத்தான். என் கருத்துக்கான உறையையும் அதன்மேல் வைத்தான்.

"சார், இந்த வருசம் விட்டா எனக்கு வயசு தாண்டிரும். நீங்க ரெண்டு வரி நல்லா எழுதுனா போதும். மத்தத அவுக பாத்துக்கிடுவாக."

"அதுக்கென்னங்க ஜெபராஜ், எழுதிட்டாப் போச்சு" என்றேன்.

உறையை வீட்டுக்கு எடுத்துப்போனேன். மூன்று நாள் எழுதவில்லை. என் மனைவி பார்த்துவிட்டு, "பாவமுங்க அந்த வாத்தியாரு. அத நாளைக்கே அனுப்பிப்போடுங்க" என்றாள். அவள் சொன்னபடி மறுநாளே அனுப்பினேன்.

ஆங்கிலத்தில் நான்கு வரி. 'கடமை தவறாதவர். நல்ல ஆசிரியர். ஆனால் நீண்டகால ஆராய்ச்சிக்குத் தேவையான பொறுமையும் கணித அடிப்படையும் இவரிடம் போதுமான அளவு இல்லை. குடும்பச் சூழலும் இடம் தராது என்று கருதுகிறேன்.'

பொறுமை இல்லை என்று எழுதினேன், பாருங்கள். இரண்டு ஆண்டுகள் உடைந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவனுக்கு! அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. தெளிவான கையெழுத்து. முதல் இரண்டு வரிகளில் அவனைப் புகழ்ந்தது, அடுத்த இரண்டு வரிகளை நம்பவைப்பதற்காகத்தான். அந்தத் திறமை மட்டும் எனக்குச் சொந்தமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மறுப்பு வந்தது. காரணம் எதுவும் குறிப்பிடவில்லை. அன்று மாலை ஜெபராஜ் என் அறைக்கு வந்தான்.

"நமக்குக் கணக்கு அவ்வளவு போதாது போல சார். நீங்க எழுதிக் குடுத்தும் கெடைக்கலன்னா எங்கிட்டதான் கொறை. நீங்க மனசுல வச்சிக்கிடாதீங்க."

அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

அந்த நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். என் கருத்து தவறு என்று ஒரு தந்தியாவது அடித்திருக்கலாம். அந்த இடம் வேறொருவருக்குப் போவதற்கு இன்னும் நாட்கள் இருந்தன. நான், "உட்காருங்க ஜெபராஜ், டீ சாப்பிடலாம்" என்றேன். சாப்பிட்டோம்.

அதன்பின் அவன் ஆய்வகத்துக்குப் போவது குறைந்தது. மாலைகளில் கணக்குப் புத்தகங்களை வைத்துக்கொண்டு தனியே போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். இல்லாத ஒரு குறையைச் சரிசெய்ய அவன் எத்தனை மாலைகளைச் செலவழித்தான்... அதையும் வராந்தாவில் நின்று பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜெபராஜ் என் அறைக்கு ஏறக்குறைய ஓடிவந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கையில் ஒரு வெளிநாட்டு ஆய்விதழின் நகல். பின்னல் ஊசிக் கொக்கிகள் ஏன் உடைகின்றன என்று யாரோ இருவர் எழுதிய கட்டுரை. உள்வளைவு, கீறல், சோர்வு... அவன் என்றோ வரைந்துவைத்திருந்த அதே படம் அதில் அச்சாகியிருந்தது.

"சார், நான் நெனச்சது சரிதான் சார். பாத்தீங்களா, அதே எடம்தான்."

அவன் முகத்தில் கசப்பைத் தேடினேன். இல்லை. தேர்வில் விடை சரியென்று தெரிந்த மாணவனின் மகிழ்ச்சிதான் இருந்தது.

நான் அந்தத் தாளை வாங்கி, முதலில் தலைப்பின் கீழே இருந்த பெயர்களைத்தான் படித்தேன். இரண்டும் எனக்குத் தெரியாத பெயர்கள். அப்போது என் நெஞ்சில் ஓர் இளைப்பாறல் பரவியது.

இதைத்தான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கருத்து எழுதியதைக்கூட என் மனைவியிடம் ஒருமுறை சொல்ல முயன்றிருக்கிறேன். ஆனால் அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், அவன் என் எதிரே சிரித்துக்கொண்டு நின்றபோதும், அங்கே இருந்தது அவனுடைய பெயரல்ல என்பதில் எனக்கு நிம்மதிதான்.